வாக்கு மாறிய கப்டன்

அந்த ஆடுத்தன் ஆஸ், நடுவில் ஒற்றைச் சிவப்பு இதயம் போட்ட அந்தச் சீட்டு, இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளி என்ற ஊரில் கடலைப் பார்த்த ஒரு ஹோட்டலின் விறாந்தை, பச்சைத் துணி விரித்த மேசை, ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குச் சற்று முந்திய நேரம். குசினியிலிருந்து கணவாய்க் கறி வாசம் வந்துகொண்டிருந்தது. அந்தச் சீட்டு விழுந்ததும் கப்டன் கதிரையில் சாய்ந்து சிரித்தார். தோற்றவர் அவர். மேசையைச் சுற்றியிருந்தவர்களில் விளையாட்டின் ஒழுங்கு தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஓய்வூதியம் எடுப்பவனுக்குச் சம்பளம்தான் குறையும், தற்பெருமை குறைவதில்லை.

கப்டன் என்று நாங்கள் சொன்னவர் திருகோணமலைத் துறைமுகத்தில் பெரிய கப்பல்களை இழுத்துக் கொண்டுவந்து கட்டும் ரக் படகு ஓட்டியவர். நான் அதே துறைமுகத்தில் தலைமை எழுதுவினைஞர். சீஃப் கிளார்க் என்பதைச் சுருக்கி என்னை அவர் ‘சீசீ’ என்பார். உவர்மலையில் அவருடைய வீட்டில், நான், அவர், ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர், ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்த ஒரு அப்போதிக்கரி என்று நால்வருமாகச் சனிக்கிழமை தோறும் முந்நூற்றிநாலு விளையாடுவோம். அறியாதவர்களுக்காக: அந்த ஆட்டத்தில் ஆஸ் பெரிய சீட்டல்ல, ராசாவும் அல்ல. J எழுத்துப் போட்ட படம்தான் எல்லாவற்றுக்கும் மேல். அதற்கு வீறு என்று பெயர். அடுத்தது ஒன்பது, அதற்கு மணல் என்று பெயர். ராசாவும் ராணியும் அதற்குக் கீழே எங்கோ கைகட்டி நிற்பார்கள். இந்த ஏற்பாட்டில் ஊறியவனுக்கு உலகத்தின் மற்ற எல்லாச் சீட்டாட்டமும் தலைகீழாகத்தான் தெரியும்.

ஒரு மாரியில் கப்டன் குளியலறையில் வழுக்கி விழுந்தார். மனைவி இல்லாத வீடு. மீன்காரன் கூப்பிட்டுப் பார்த்து, பதில் வராததால் மதில் ஏறிக் குதித்திருக்காவிட்டால் அன்றே கதை முடிந்திருக்கும். ரொறன்ரோவிலிருந்து மகன் ஓடி வந்தான். வந்தவன் தகப்பனைக் கையோடு கூட்டிப்போவதென்று விசா முதல் எல்லாவற்றையும் ஆயத்தப்படுத்தினான். நல்ல பிள்ளை, அதில் எனக்குச் சந்தேகமில்லை. நல்ல பிள்ளைகளிடமிருந்து தப்புவதுதான் கஷ்டம். கப்டன் வரமாட்டேன் என்று நேரே சொல்லவில்லை. கடலில் புயலைக் கண்டு பயப்படாத மனிதர், மகனின் முகத்தைப் பார்த்து ‘இல்லை’ என்ற ஒரு சொல்லைச் சொல்ல முடியாமல் முழங்கால் நோ, காற்று, கோயில் கொடியேற்றம் என்று சாட்டுச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

மகனுக்குப் போக்கர் பைத்தியம். எங்கள் நால்வரையும் வெள்ளிக்கிழமை நிலாவெளிக்குக் கூட்டிப்போய், ஞாயிறு வரை ஒரு போட்டி என்றான். அவனுடைய பெட்டியிலிருந்து, காசுக்குப் பதிலாகப் பந்தயம் வைக்கும் வண்ண வண்ண வில்லைகள் வந்தன. முதல் நாளே கப்டன் பந்தயத்தை அறிவித்தார்.

“தம்பி, கடைசி வரைக்கும் நின்று நீ என்னை வெண்டால், நான் உன்னோடை வாறன். நான் வெண்டால் இந்தக் கதையை விடோணும்.”

“பிறகு வாக்கு மாறக்கூடாது அப்பா.”

“நான் எப்பயடா மாறினனான்?”

அதுதான் அவருடைய அகராதியில் பெரிய சொத்து. கப்டன் வாக்கு மாறமாட்டார் என்பது துறைமுகத்தில் கலங்கரை விளக்கைப் போல எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

போக்கரின் ஒழுங்கெல்லாம் நான் படித்து அவருக்கு விளக்கினேன். பலன் என்ன? சனிக்கிழமை கையில் ஒன்பது இரண்டை வைத்துக்கொண்டு, அதிபர் விரித்த ராசா இரண்டோடு மோதி, பாதி வில்லைகளை இழந்தார். “மணல் ரெண்டு, சீசீ. மணல் ரெண்டை எப்பிடிக் கீழை வைக்கிறது?” என்று என்னையே கேட்டார். “இஞ்சை அது வெறும் ஒன்பது, கப்டன்,” என்றேன். “அது இவங்கடை பிழை,” என்றார். அன்று முழுதும் சீட்டு அவருக்கு முகம் கொடுக்கவில்லை; ஞாயிறு காலையில்தான் திரும்பி, இழந்ததற்கு மேலும் வந்தது. வில்லை தீர்ந்து அதிபர் போனார், அப்போதிக்கரி போனார், நானும் போனேன். ஞாயிறு மத்தியானம் தகப்பனும் மகனும் மட்டும் எஞ்சினார்கள், ஏறக்குறையச் சமமான வில்லைகளோடு.

கப்டனுக்கு வந்தது வீறு இரண்டு. எல்லாவற்றையும் நடுவில் தள்ளினார். மகனும் தள்ளினான். அவனிடம் இருந்தது ஓர் ஆஸும் ஒரு ராசாவும். இருவருக்கும் பொதுவாக மேசையில் விரிக்கும் ஐந்து சீட்டில் நான்கு விழுந்தும் அவனுக்கு ஒன்றும் பொருந்தவில்லை. கப்டன் முன்னுக்கு நின்றார். கடைசிச் சீட்டு அந்த ஆடுத்தன் ஆஸ். போக்கரில் ஆஸ்தான் எல்லாவற்றுக்கும் மேல்; மகனுக்கு இப்போது ஆஸ் இரண்டு.

“நில்லும் தம்பி,” என்றேன். போக்கரில் பொதுச்சீட்டு விரிக்குமுன் கட்டின் மேல்சீட்டு ஒன்றைப் பாராமல் ஒதுக்கிவைக்க வேண்டும். சீட்டுப் போட்டவன் மகன்; இரண்டு நாளும் ஒழுங்காகச் செய்தவன், பதற்றத்தில் கடைசி முறை மறந்துவிட்டான். அந்த ஆஸ் ஒதுங்கியிருக்க வேண்டிய சீட்டு. அடுத்ததுதான் செல்லும். மகனின் முகம் வெளிறியது. “ஓம் மாமா, என்ரை பிழைதான்,” என்று சீட்டுக்கட்டில் கைவைத்தான்.

கப்டன் அவன் கைக்கு மேல் தன் கையை வைத்தார்.

“எடாதை. சீசீ, நீர் உம்மடை சட்டப் புத்தகத்தை மூடும். நான் தோத்திட்டன்.”

“கப்டன், இது ஒழுங்கு.”

“ஒழுங்கிலை வெண்டு இஞ்சை இருக்கிறதோ? பிறகு சாகும்வரைக்கும், பிள்ளை ஒரு சீட்டை மறந்ததாலை நான் இஞ்சை இருக்கிறன் எண்டெல்லோ ஆகும்.” மகனின் பக்கம் திரும்பினார். “தம்பி, நீ வெண்டிட்டாய். நான் வரமாட்டன்.”

மகன் கையை இழுத்துக்கொண்டான்.

“அப்பா, வாக்குத் தந்தனீங்கள்.”

“ஓம். மாறிட்டன். ஊருக்கெல்லாம் சொல்லு.”

“விழுந்து நிலத்திலை கிடப்பீங்கள். நான் அங்கை எப்பிடி நித்திரை கொள்ளுறது?”

“அது உன்ரை கஷ்டம்தான், எனக்கு விளங்குது. எண்டாலும் வரமாட்டன். இதை முதல் நாளே சொல்லியிருக்கோணும். சீட்டிலை போய் ஒளிச்சிட்டன்.”

என் உத்தியோக காலம் முழுவதும் நான் ஆட்களுக்கு ‘இல்லை’ சொன்னவன்தான். ஆனால் ஒவ்வொரு ‘இல்லை’க்கும் முன்னால் ஒரு சுற்றறிக்கையை நிறுத்தியிருந்தேன். முன்னால் எதுவும் நிறுத்தாமல், தன் பெயரையே கிழித்துப் போட்டு ஒரு மனிதர் ‘இல்லை’ என்றதை அன்றுதான் கண்டேன்.

மகன் சீட்டுகளைப் பொறுக்கிக் கட்டினான். திருகோணமலைக்குத் திரும்பி, எஞ்சிய விடுமுறை முழுதும் உவர்மலை வீட்டில் குளியலறைச் சுவரைத் துளைத்துப் பிடிகம்பிகள் பூட்டினான். கப்டன் வாசலில் கதிரை போட்டு அமர்ந்து பிழையான யோசனைகளை எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். “வாக்கு மாறினவையின்ரை யோசனை இஞ்சை எடுபடாது,” என்றான் மகன். அதிலிருந்து ஊரும் அந்தப் பட்டத்தைப் பிடித்துக்கொண்டது. சந்தையில் யாராவது கிண்டல் செய்தால், “ஓம், நான்தான்,” என்பார் கப்டன், பதக்கம் குத்தியவரைப் போல.

அவர் போன வருடம் அந்த வீட்டிலேயே, பகலில், கதிரையில் இருந்தபடி போனார். செத்தவீட்டில் பலர் என் காதுபடச் சொன்னார்கள்: தோற்றபடி கனடாவுக்குப் போயிருந்தால் இன்னும் சில வருடம் இருந்திருப்பார் என்று. இருந்திருக்கலாம். அதற்காக அவர் செய்தது பிழை என்று என்னிடம் ஒருவரும் கையெழுத்து வாங்க முடியாது. இப்போது எங்கள் மேசையில் மூன்று பேர்தான். முந்நூற்றிநாலுக்கு அது காணாது. நான்காவது ஆளைத் தேடச் சொல்கிறார் அதிபர். நான் தேடவில்லை, தேடவும் மாட்டேன்.

இதுவரை ஒருவருக்கும் சொல்லாத ஒன்று இருக்கிறது. கம்பி பூட்டி முடித்து, மகன் விமான நிலையத்துக்குப் புறப்பட்ட காலை, வான் வண்டிக்குப் பக்கத்தில் என்னைத் தனியே கூப்பிட்டான்.

“மாமா, அண்டைக்குச் சீட்டைப் பொறுக்கேக்கை மேல்சீட்டைப் பாத்தனான். இஸ்கோப்பன் ஏழு.”

அந்தக் கறுப்பு ஏழு ஒருவருக்கும் உதவாது. ஒழுங்குப்படி அது விழுந்திருந்தால் கப்டனின் வீறு இரண்டும் வென்றிருக்கும்.

“அப்பாவுக்குச் சொல்லட்டோ?”

உள்ளே கப்டன், மகனின் பெட்டியைத் தானே தூக்குவதாக அப்போதிக்கரியோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்.

“வேண்டாம் தம்பி,” என்றேன். “அந்த மனிசன் எவ்வளவு கஷ்டப்பட்டு வாக்கு மாறினது. அதைக் கெடுத்துப்போடாதையும்.”