பிறத்தியார் மூக்குக் கண்ணாடி

என் பீரோவின் மேல்தட்டில் ஒரு மூக்குக் கண்ணாடி இருக்கிறது. இடது காதுப் பக்கம் கம்பி ஒடிந்து, கறுப்பு நூல் சுற்றியது. என்னுடையதல்ல. யாருடையது என்று கேட்டால் பெயர் சொல்லவும் எனக்குத் தெரியாது.

யுத்த காலம் அது. நான் தென்காசியில் வாத்தியார். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் ஒழுக்கம் போதித்துக்கொண்டிருந்தவன். குற்றாலத்தில் அருவிக்குள் போகிறவர்கள் நனையக்கூடாததைக் கரையில் நிற்கிற யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். யாரும் மாட்டேன் என்பதில்லை, ஊர் பேர் விசாரிப்பதுமில்லை. அன்று நான் குளித்து முடித்துச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். ஜில்லாவின் வடக்குப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் பக்கத்தில் வந்தார். ஆறு வருஷத்துக்கு முன் ஓடிப்போன மகனை இந்தச் சீசனில் இங்கே யாரோ பார்த்தார்களாம். மூன்று நாளாகத் தேடுகிறார்.

"மீசை முளைக்காத மொகமாப் போனான். இப்பவும் பாத்தா கண்டுபிடிச்சிருவேன். இதைக் கொஞ்சம் பிடிங்க அண்ணாச்சி, ஒடம்பு கொதிக்கு, ஒரு முழுக்குப் போட்டுட்டு வந்துருதேன். இது இல்லேன்னா எனக்கு ஆளு அடையாளம் தெரியாது."

கண்ணாடியை வாங்கிச் சட்டைப் பையில் வைத்தேன். பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரியில் ஓடும் பஸ் ஒன்றுதான் அப்போது. அதன் ஹாரன் கேட்டது, ஓடிப்போய் ஏறினேன். மேலகரம் தாண்டும்போது பை உறுத்தியது. இறங்கித் திரும்பி நடந்திருக்கலாம், அதிக தூரமில்லை. சாரல் அடித்தது, உட்கார இடமும் கிடைத்திருந்தது. நாளைக்குக் கொடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறந்துபோய்விட்டேன் என்றுதான் இத்தனை வருஷமும் வீட்டில் சொல்லி வந்திருக்கிறேன். அது பொய்.

மறுநாள் விடிந்ததும் ஓடினேன். அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர் என் கையிலிருந்ததைப் பார்த்தார்.

"நீங்கதானா அது? நேத்து இருட்டுத வரைக்கும் இங்கனயே நின்னாரு. வாறவன் போறவன் மொகத்துக்கிட்டல்லாம் குனிஞ்சு, 'ஏலே, நீயாலே?'ன்னு கேட்டாரு. ஒருத்தன் புடிச்சுத் தள்ளிட்டான். பொறவு யாரோ கையைப் புடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போனாங்க."

தென்காசி, செங்கோட்டை ஸ்டேஷன்களில், சத்திரங்களில், அடுத்த இரண்டு சீசனிலும் தேடினேன். எங்கும் இல்லை. அந்த மகன் அன்று அவர் முன்னாலேயே துண்டை உதறிக்கொண்டு நடந்து போயிருக்கலாம்.

போன வாரம் அதை எடுத்து முதல் தடவையாக மாட்டிப் பார்த்தேன். எதிரே உட்கார்ந்திருந்த என் மகனின் முகம் மங்கிப் போயிற்று. கண்ணும் மூக்கும் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் நிறம். யாராகவும் இருக்கலாம்.

"என்னப்பா, ஏன் அப்படிப் பாக்கிய?"

குரலை வைத்துத்தான் அவன் என்று தெரிந்தது. அன்று அருவி இரைச்சலில் அவருக்கு அதுவும் கேட்டிருக்காது.