டோக்கன் இல்லாமல் பிள்ளை தரப்படாது

என் சித்தப்பா இந்த உலகத்தில் நம்புகிற பொருள் ஒன்றே ஒன்றுதான்: எண் வெட்டிய பித்தளை டோக்கன். பல்கலைக்கழக நூலக வாசலில் பைகளை வாங்கி வைப்பது அவர் வேலை. ஒவ்வோர் எண்ணுக்கும் இரண்டு டோக்கன். ஒன்று பையில் தொங்கும், மற்றது பைக்காரர் கையில் இருக்கும். இரண்டும் சேர்ந்தால்தான் பை வெளியே வரும்.

இதற்கு முன்னால் பேருந்து நிலையத்துப் பார்சல் அறையில் இருந்தார். அங்கே ஒருநாள் மேலாளரின் குடையை, சீட்டு இல்லை என்று மேலாளருக்கே தர மறுத்துவிட்டார். அன்று பார்த்து மழை கொட்டித் தீர்த்தது. மேலாளர் நனைந்துகொண்டு வீட்டுக்குப் போனார். மறுநாள் காலையிலேயே சித்தப்பா வேலையில்லாமல், காய்ந்த சட்டையோடு வீட்டுக்கு வந்தார்.

ஆள் அலமாரி மாதிரி இருப்பார். மீசை மட்டும் தனியாக வந்து நின்றாலும் பாதிப் பேர் வணக்கம் வைப்பார்கள். அப்பேர்ப்பட்டவரிடம்தான் சட்டம் படிக்கிற அந்தப் பெண், இடுப்பில் கைக்குழந்தையோடு வந்து நின்றாள். பிள்ளையோடு உள்ளே போகக்கூடாது என்று கதவோரத்துக் காவலாளி அவளைத் திருப்பி அனுப்பியிருந்தார். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை. வீட்டுக்காரருக்குப் பகல் முழுக்க லாரி.

அவள் சித்தப்பாவின் தலைக்கு மேல் தொங்கிய பலகையைச் சத்தமாகப் படித்தாள். "நூலகத்துக்குள் அனுமதியில்லாத எதையும் இங்கே ஒப்படைத்து டோக்கன் பெறவும். சரிதானே அண்ணா?"

"சரிதான்."

"இவளுக்கு உள்ள அனுமதியில்ல."

சித்தப்பா பலகையைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். மறுபடி பலகையைப் பார்த்தார். எந்தப் பக்கமிருந்து படித்தாலும் அது அப்படித்தான் இருந்தது.

"பதினேழு காலியா இருக்கு. குடு."

நான் அதே வளாகத்து டீக்கடையில் டம்ளர் கழுவுகிறவன். ஒன்பதாம் வகுப்போடு படிப்பும் நானும் சமாதானமாகப் பிரிந்துவிட்டோம். சித்தப்பாவுக்கு டீ கொண்டுபோனபோது, அவர் கவுண்டருக்குப் பின்னால் பாய் விரித்து, பிள்ளையின் காலில் நாடாவால் டோக்கனைக் கட்டிக்கொண்டிருந்தார். கையில் கட்டினால் வாய்க்குப் போய்விடுகிறதாம்.

சேதி பரவியது. வேதியியல் படிக்கிற ஒருத்தி இரட்டைப் பிள்ளைகளோடு வந்தாள்.

"ரெண்டுக்கும் சேர்த்து ஒரு டோக்கன் போதாதா மாமா?"

"ரெண்டு உருப்படி, ரெண்டு டோக்கன்."

கணக்குப் படிக்கிற ஒரு தகப்பன் பையனை விட்டுவிட்டு, டோக்கனை எங்கேயோ தொலைத்துவிட்டு வந்து கெஞ்சினான். "அண்ணா, அவன் மூக்கைப் பாருங்க, என் மூக்கைப் பாருங்க!"

"மூக்கைப் பார்த்துச் சரக்குக் குடுக்கிறதில்ல, தம்பி."

பாவம், உள்ளே போய் எல்லா மேஜைக்கும் அடியில் தவழ்ந்து தேடி எடுத்துவந்தான். வரும்போது மூக்கோடு முட்டியும் சிவந்திருந்தது.

சித்தப்பா கொஞ்சுகிற ஆளில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். "பதினேழு, மீசையை விடு." துணி ஈரமானால், "சரக்கு கசியுது" என்று பார்சல் அறைக் குரலில் அறிவித்துவிட்டு, தானே மாற்றுவார்.

நூலகத் தலைவருக்கு நான் வைத்த பெயர் உஷ் ஐயா. அவர் வாயிலிருந்து வருவதில் பாதி அதுதான். ஒருநாள் அழுகைச் சத்தம் கேட்டு இறங்கிவந்தார்.

"இது நூலகமா, தொட்டில் கடையா? நாளையிலேர்ந்து ஒரு குழந்தையும் இங்க இருக்கக்கூடாது!"

அந்த நாளையில்தான் சட்டக்காரப் பெண்ணுக்கு மாடியில் வாய்மொழித் தேர்வு. போன வருஷம் பிள்ளையை விட இடமில்லாமல் அதைத் தவறவிட்டவள். இன்னொரு தடவை தவறினால் படிப்பே போச்சு. பிள்ளையை வாங்க வந்தவள் அங்கேயே நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். சித்தப்பா அண்ணாந்து பலகையைப் பார்த்தார்.

"போர்டை இன்னும் யாரும் கழட்டலம்மா. நீ கொண்டுவா."

மறுநாள் அவள் டோக்கனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மாடியேறினாள். அவள் போன கையோடு, நான் டீயைக் கீழே வைப்பதற்குள், உஷ் ஐயா வந்துவிட்டார்.

"நேத்து நான் என்ன சொன்னேன்? அந்தப் பிள்ளையை எடுங்க. மேல கொண்டுபோய் அவ அம்மா கையிலயே குடுத்துடறேன்."

சித்தப்பா தொடைக்கு ஒன்றாக இரட்டையரை வைத்திருந்தார். மிச்சமிருந்த உள்ளங்கையை நீட்டினார். "டோக்கன்?"

"நான் இந்த நூலகத்துக்குத் தலைவர்யா!"

"துணைவேந்தரே வந்தாலும் டோக்கன் இல்லாம எதையும் குடுக்காதேன்னு சொன்னது நீங்கதான் ஐயா. எனக்கு முன்ன இருந்தவர் உங்க ஹெல்மெட்டை யாருக்கோ தூக்கிக் குடுத்துட்டாருன்னு, நான் சேர்ந்த அன்னிக்கே."

உஷ் ஐயா பதிலுக்கு வாயைத் திறந்தார். அதற்குள் பதினேழு வீறிட்டது. வாசிப்பறை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. அவர் பதறிப்போய், பழக்கதோஷத்தில், கவுண்டருக்கு மேலே குனிந்து, "உஷ்ஷ்ஷ்..." என்றார்.

பிள்ளை பட்டென்று நிறுத்தியது.

இத்தனை வருஷமாக அவர் சொல்லி, யாராவது உடனே கேட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும். மனிதர் ஆடிப்போய்விட்டார். "தூக்கி வச்சு இன்னொரு தடவை சொல்லிப் பார்க்கட்டுமா?" என்றார்.

"இந்தப் பக்கம் வந்து தூக்குங்க. சரக்கு கவுண்டரைத் தாண்டக்கூடாது."

தூக்கினார். உஷ் உஷ் என்று பைகளுக்கு நடுவில் நடந்தார். பதினேழு தூங்கியது. மடியிலிருந்த இரட்டையரும் தூங்கினார்கள். கதவோரக் காவலாளியும் தூங்கினார்.

சட்டக்காரி படியிறங்கி ஓடிவந்தாள். "பாஸ் அண்ணா! பாஸ்!" அம்மா குரல் கேட்டு விழித்த பிள்ளை, உஷ் ஐயாவின் தோளிலிருந்து தாவியது. அவள் கைப்பையைத் துழாவினாள், உதறினாள். "ஐயோ, டோக்கன்... தேர்வு முழுக்க அதைத்தான் உருட்டிக்கிட்டிருந்தேன். மேஜையிலேயே வச்சிட்டேன் போல."

"அட, அம்மான்னு பார்த்தாலே தெரியுதே, குடுத்துடறேனே" என்றார் உஷ் ஐயா.

சித்தப்பா அவரையே பார்த்தார். "டோக்கன் ஐயா?"

உஷ் ஐயா அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவள் மறுபடி மாடிப்படிப் பக்கம் திரும்பியிருந்தாள். "நீ கவுண்டருக்கு உள்ள வந்து உக்காரும்மா" என்று பிள்ளையை அவள் மடியில் வைத்துவிட்டு, 'ஓடாதீர்' என்று தாமே மாட்டிய பலகையைத் தாண்டி, இரண்டிரண்டு படியாக ஓடினார்.

திரும்பி வரும்போது ஒரு கையில் டோக்கன், மறுகையில் ஒரு சாவி.

"பக்கத்துல பழைய பேப்பர் அறை சும்மாதான் கிடக்கு. பாயை அங்க போட்டுக்குங்க. அந்தப் போர்டு..." என்று மூச்சு வாங்கினார், "அது இருக்கட்டும்."

சித்தப்பா சாவியை வாங்கி வைத்துவிட்டு, இரண்டு பதினேழையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து, சரிதானா என்று ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்தார். பிறகு பிள்ளையின் காலில் இருந்த நாடாவை அவிழ்க்க உட்கார்ந்தார். தானே போட்ட முடிச்சுதான். அன்றைக்கு என்னவோ, அவிழ்க்க நெடுநேரம் பிடித்தது.

மீசை நனைந்திருந்தது. என்ன சித்தப்பா என்றேன்.

"பதினேழு எச்சில் விட்டுடுச்சு" என்றார்.

இருக்கலாம்.