ராக்கெட் இருந்த பக்கம்

என் கணவர் சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற மறு வருடமே பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் அசையாமல் போயின, பேச்சும் போயிற்று. மிஞ்சியது ஒரே ஒரு சொல். "சரி." பசித்தாலும் "சரி", கோபம் வந்தாலும் "சரி", அழும்போதும் அதே "சரி". எழுதிக் காட்டச் சொன்னால் பேனாவையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பார். வாசிப்பும் போய்விட்டது என்றார் மருத்துவர்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் குழாய், கட்டில், கழிப்பறை என்று படங்கள் போட்ட ஓர் அட்டையைக் கொடுத்தாள். இடது கையால் அதைத் தள்ளிவிட்டார். மறுபடி வைத்தபோது கட்டிலுக்கு அடியில் போய் விழும்படி தள்ளினார். அவருக்குப் பிடித்த படப் புத்தகம் ஏதாவது வீட்டில் இருந்தால் கொண்டுவரச் சொன்னாள் அந்தப் பெண்.

வீட்டில் அப்படி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஒரு பழைய அமெரிக்கச் சித்திரக்கதை இதழ். அவர் பிறப்பதற்கு முன்பே அச்சானது. பள்ளியில் படிக்கும்போது சுங்கை ரோடு பழைய சாமான் சந்தையில், உடைந்த ரேடியோக்களுக்கு நடுவே கிடந்ததை வாங்கினாராம். அட்டையில் சிவப்பு அங்கி பறக்க ஒரு வீரன் பச்சை இயந்திரம் ஒன்றைக் குத்திக்கொண்டிருப்பான். கடல் வற்றிக்கொண்டிருக்கும் பூமியைக் காப்பாற்ற அவன் வேறொரு கிரகத்துக்குப் போகிற கதை. மகள் சின்னவளாக இருந்தபோது மடியில் வைத்துக்கொண்டு அந்த ஆங்கிலக் கதையைத் தமிழில் சொல்வார். வேற்றுக் கிரகத்து ராஜா மட்டும் எங்கள் பங்குச் சாமியாரின் குரலில் பேசுவார். சமையலறையில் நின்று நானும் சிரிப்பேன்.

ஆஸ்பத்திரியில் அதை அவர் முன்னால் விரித்து வைத்தேன். வெகுநேரம் அட்டையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போய், முழுக்க நீலமாகக் கடல் வரைந்திருந்த ஒரு பக்கத்தில் நிறுத்தி விரலால் தட்டினார்.

"சரி. சரி."

"தண்ணி வேணுமாங்க?"

தலையாட்டினார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

குவீன்ஸ்டவுனில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்த பிறகும் அந்த இதழ்தான் அவருக்கு வாய். வீரன் தலையைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டிருக்கும் படம் என்றால் வலி. ராஜா உள்ளங்கையை உயர்த்தி மறுக்கும் படம் என்றால் வேண்டாம். வீரன் கட்டடங்களுக்கு மேலே பறக்கும் படத்தைத் தட்டினால், சக்கர நாற்காலியில் வைத்துக் கீழே கூட்டிப் போகவேண்டும். எனக்கும் ஒரு படம் ஒதுக்கியிருந்தார். விண்கலத்தில் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு யாரையோ முறைத்துக்கொண்டிருக்கும் பெண். நான் பக்கத்தில் இல்லாவிட்டால் வீட்டுக்கு வந்தவர்களிடம் அவளைத் தட்டிக் காட்டுவார்.

புரட்டப் புரட்டத் தாள் ஓரங்கள் பிஸ்கட் தூள் மாதிரி போர்வையில் உதிர்ந்தன. பயந்துபோய் தேக்கா கடைத்தெருவில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு எடுத்துப் போனேன்.

"அக்கா, பேப்பர் ரொம்ப ஓல்டு லா. இப்படியே பொரட்டினா ஒடிஞ்சிடும். கலர் காப்பி எடுத்து லேமினேட் பண்ணித் தர்றேன்" என்றார் கடைக்காரப் பெண்.

பளபளவென்று இருந்த அந்தப் பிரதியில் அவர் ஒரே ஒரு படத்தைத்தான் தொட்டார். ராஜாவின் உள்ளங்கையை. பழையதே திரும்பவும் மடிக்கு வந்தது.

சில மாதங்கள் கழித்துப் புதிதாக ஒன்றைக் காட்ட ஆரம்பித்தார். கடைசிப் பக்கம். நகரத்துக்கு மேலே நெருப்பைக் கக்கிக்கொண்டு ராக்கெட் கிளம்புகிறது. தரையில் சனங்கள் சின்னச் சின்னதாக நிற்கிறார்கள். விமானம் பார்க்க ஆசைப்படுகிறார், இத்தனை வருடம் விமான நிலையத்திலேயே இருந்தவர் அல்லவா என்று எண்ணிக்கொண்டேன். ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் மகளும் நானும் அவரைச் சாங்கி கடற்கரைக்குக் கூட்டிப் போனோம். தலைக்கு மேலே தாழ்வாக இறங்கிய ஒவ்வொரு விமானத்தையும் அண்ணாந்து பார்த்தார். நன்றாகச் சிரித்தார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து படுக்க வைத்ததும் மறுபடி அதே பக்கத்தைத் தட்டினார்.

"இப்பத்தானேங்க பாத்துட்டு வந்தோம்?"

இல்லை என்று தலையசைத்துவிட்டு என் கையைப் பிடித்து அந்த ராக்கெட்டின் மேல் வைத்தார்.

மகள் என்னைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"ம்மா, அப்பா பிளேனைச் சொல்லலம்மா. போறேன்னு சொல்றாரு."

"வாயை மூடு. அவர் நல்லாத்தான் இருக்காரு" என்றேன். அவள் அழுதாள். அவளைச் சமாதானப்படுத்தக்கூட எனக்குத் தோன்றவில்லை. பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

மழைக்காலத்தில் அவருக்கு விழுங்குவது கஷ்டமாகி, சாப்பிட்டது நுரையீரலுக்குள் போய் நிமோனியா வந்தது. மறுபடி ஆஸ்பத்திரி. மூக்கு வழியாகக் குழாய் போட்டார்கள். அவர் பிடுங்கினார். திரும்பப் போட்டார்கள். திரும்பப் பிடுங்கினார். கடைசியில் இடது கையில் குத்துச்சண்டைக் கையுறை மாதிரி தடிமனாக ஒன்றை மாட்டிவிட்டார்கள். அவர் நல்லதுக்குத்தான். ஆனால் அந்த உறைக்குள் விரல்கள் அடைபட்டுக் கிடந்தன. பக்கம் புரட்ட முடியாது. எதையும் காட்ட முடியாது. நான் போகும்போதெல்லாம் அந்தக் கையைத் தூக்கித் தூக்கிப் படுக்கையில் அடித்தார். "சரி" என்ற அந்த ஒரு சொல்கூட வரவில்லை.

தாதியிடம் கேட்டேன். நான் பக்கத்தில் இருக்கும்வரை கழற்றிவைக்கலாம் என்றார். உறைக்குள்ளிருந்து வியர்த்து வெளுத்த கை வந்தது. விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டு இதழை விரித்துப் பிடித்தேன். அவர் முதலில் மூக்குக் குழாயைத் தொட்டார். பிறகு ராஜாவின் உள்ளங்கையை. கடைசிப் பக்கத்தைத் தேடினார். நான் திருப்பிக் கொடுத்தேன். விரல் ராக்கெட்டின் மேல் போய் நின்றது.

இந்த முறை கேட்டுவிட்டேன்.

"என்னங்க, போகணுமா உங்களுக்கு?"

என்னையே பார்த்தபடி தலையாட்டினார்.

"என்னை விட்டுட்டா?"

விரலை எடுக்கவில்லை. பின்பு மெதுவாகப் பக்கங்களைத் தள்ளிக்கொண்டு பின்னால் போய், ஹெட்போன் மாட்டிய அந்தப் பெண்ணைத் தடவிக் கொடுத்தார். தட்டவில்லை, தடவினார். அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியாது.

மறுநாள் மகளையும் வரச் சொல்லி மருத்துவரைப் பார்த்தோம். குழாயை எடுத்தால் என்ன ஆகும் என்பதை அவர் ஒளிக்காமல் சொன்னார். என் கணவர் நினைவோடு இருக்கிறாரா, தெரிந்துதான் சொல்கிறாரா என்று மருத்துவரும் படுக்கைப் பக்கம் வந்து பல விதமாகக் கேட்டுப் பார்த்தார். பதில் மாறவில்லை. வீட்டுக்கு அழைத்து வந்தோம். வீட்டிலேயே வந்து பார்க்கும் தாதி ஒருவர் வலிக்கு மருந்து கொடுத்தார். நான் மைலோ சாக்லேட் பானத்தைக் கெட்டியாகக் கலந்து கரண்டி நுனியில் தொட்டு நாக்கில் வைப்பேன். ருசித்து, கண்ணை மூடிக்கொள்வார். பங்குச் சாமியார் வந்து எண்ணெய் பூசி ஜெபித்தபோது அமைதியாகக் கேட்டார். படங்களைப் பார்க்க அதன்பிறகு அவர் கேட்கவில்லை. கை என் கைக்குள்ளேயே இருந்தது.

ஒரு காலையில் மகள் அவருக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். மூச்சு நீளநீளமாகி, நின்றது. சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளை இந்த முறை இறுக்கி அணைத்துக்கொண்டேன்.

எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே சவப்பெட்டியை வைத்திருந்தபோது, அவரோடு வேலை பார்த்த ஒருவர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கடைசி வரைக்கும் பேச்சு வரவே இல்லையாம்மா?"

"பேசினாரு" என்றேன். "நான்தான் வேணாம் வேணாம்னு கொஞ்ச நாள் கேக்காத மாதிரி இருந்தேன்."

கோயில் பெண்கள் அடுத்த ஜெபமாலையைத் தொடங்கினார்கள். நானும் எழுந்து அவர்களோடு போய் நின்றுகொண்டேன்.