இரண்டாவது சாவி

அபுதாபியில் முசஃபாவுக்குப் பக்கத்தில் ஒரு வில்லாவைத் தடுத்துத் தடுத்து அறைகளாக்கி வாடகைக்கு விட்டிருந்தார்கள், பெண்களுக்கு மட்டும். அதில் மாடிப்படிக்குக் கீழே இருந்த அறையை என் தோழிக்காக நான்தான் பேசி முடித்தேன். சன்னல் உண்டு, திறந்தால் அடுத்த வில்லாவின் சுவர். ஏசித் தண்ணீர் ஒரு பெயின்ட் வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளோ அறையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கதவின் உள்தாழ்ப்பாளைப் போடுவதும் எடுப்பதுமாக நின்றுகொண்டிருந்தாள்.

காரணம் இருந்தது. மூன்று வருடமாக அவள் கணவன் அவளை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுத்தான் ட்யூட்டிக்குப் போவான். பதினோராவது மாடி, திறக்க முடியாத கண்ணாடி. "தனியா இருக்கா, ஒரு சேஃப்டிக்குத்தான்" என்று எங்களிடம் சிரித்துக்கொண்டே சொல்வான். எவ்வளவு அக்கறை பார் என்று நாங்களும் மெச்சிக்கொண்டோம். நேரில் "வாங்க தம்பி" என்று அவனுக்குக் காபி கொடுத்தவள்தான் நான். எழுதும்போது மரியாதை வரமாட்டேன் என்கிறது.

அவள் வெளியேறியது இது மூன்றாவது முறை. அம்மா அப்பா யாரும் பக்கத்தில் இல்லாத ஊர் என்பதால், இங்கே நாங்களே எல்லாருக்கும் பிறந்த வீடு, புகுந்த வீடு. யார் வீட்டிலாவது சண்டை என்றால் லீவு நாளில் நாலு குடும்பம் கூடி, பிரியாணி செய்து, இருவரையும் உட்கார வைத்துப் பேசி, சேர்த்து வைத்து அனுப்பிவிடுவோம். முதல் முறை அவள் வந்து நின்றது என் வீட்டு வாசலில்தான். அவன் அழுதான், நாங்கள் உருகிவிட்டோம். அன்று அவள் பையைத் தூக்கி அவன் காரில் வைத்தவள் நானேதான். அதை நினைத்தால் இன்றும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

இந்த முறை ஒரு மாலில் அவன் காரை எடுக்கப் போன நேரத்தில், கைப்பையில் பாஸ்போர்ட்டோடு வேறு வாசல் வழியாக வந்து நான் காத்திருந்த டாக்சியில் ஏறிவிட்டாள். ஒரு நர்சரிப் பள்ளியில் வேலையும் ஃபோனிலேயே பேசி வைத்திருந்தாள். எங்கள் எல்லாரையும் போல அவளும் கணவன் விசாவில் இருப்பவள், அவன் ரத்து செய்தால் இந்த ஊரில் இருக்க முடியாது. பள்ளியின் விசாவுக்கு மாற ஒரு மாதம் ஆகும் என்றார்கள். அந்த ஒரு மாதம் அவள் இருக்குமிடம் அவனுக்குத் தெரியக் கூடாது, அவ்வளவுதான்.

"அக்கா, நம்ம ஆளுங்க ஒருத்தருக்கும் தெரிய வேணாம். திரும்பவும் உக்கார வச்சுப் பேசுவாங்க. எனக்கு இன்னொரு தடவை தெம்பில்லக்கா."

சத்தியம் செய்யாத குறையாகச் சரி என்றேன். அறைக்கு இரண்டு சாவி கொடுத்திருந்தார்கள். "ஒண்ணு எங்கிட்ட இருக்கட்டும்டி, அவசரத்துக்கு" என்று கை நீட்டினேன். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்துவிட்டுக் கொடுத்தாள்.

மெத்தை, வாளி, ஒரு கரன்ட் அடுப்பு, சன்னலுக்கு ஒரு துணி. போதும் என்றாள். எனக்குத்தான் போதவில்லை. செய்த பாவத்தைச் சாமான் வாங்கிக் கொடுத்துக் கழுவிவிடலாம் என்று ஒரு வேகம். அப்போது பார்த்து எங்கள் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸப் குழுவில் ஒருத்தி, மொத்தமாக ஊருக்குக் கிளம்புவதாகச் சொல்லி வீட்டுச் சாமானின் படங்களைப் போட்டாள். அதில் ஒரு டேபிள் டாப் கிரைண்டர், புதுசு போல மின்னியது. பேரம் பேசினேன். கொண்டுவந்து தருவீர்களா என்றும் கேட்டேன். இந்த ஊரில் யாரும் கதவு எண் சொல்வதில்லை, லொகேஷன் அனுப்புவதுதான் பழக்கம். கை தானாகத் தோழியின் அறை இருக்குமிடத்தை அனுப்பிவிட்டது. யாருக்கு என்று கேட்டதற்கு, "தெரிஞ்ச பொண்ணு ஒருத்திக்கு" என்று சாமர்த்தியமாக வேறு பதில் சொன்னேன்.

மறுநாள் காலை நானும் அங்கே இருந்தபோது கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு வந்தது, விற்றவளுடைய கணவர். ஞாயிற்றுக்கிழமைகளில் தோழியின் கணவனோடு கிரிக்கெட் ஆடுகிறவர். அவர்கள் ஆடும் படங்களை எத்தனையோ முறை பார்த்து லைக் போட்டவள் நான். கதவைத் திறந்தவளைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, தங்கச்சி! இங்க என்ன பண்றீங்க? மச்சான் எங்க?"

அவள் தண்ணீர் எடுக்கத் திரும்பிக்கொண்டாள். அவர் ஒற்றை மெத்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "சரிம்மா" என்று தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். நல்ல மனிதர். நல்லது செய்கிறோம் என்று நினைத்துத்தான் அவனிடம் சொல்லியிருப்பார்.

அன்று மதியமே கதவு தட்டப்பட்டது, மெதுவாக. "நான்தாம்மா. கதவைத் தொற."

உள்ளே நாங்கள் இருவரும், தாழ்ப்பாளும். இரண்டு பேர் நின்றால் நிரம்பிவிடும் அறை. அவன் கெஞ்சினான், பிறகு திட்டினான், பிறகு அழுதான். அந்த அழுகை எனக்கு ஏற்கெனவே தெரியும். அவள் மெத்தையின் ஓரத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து வாளியில் தண்ணீர் சொட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு மூச்சு முட்டியது. இதை அவள் மூன்று வருடம் பொறுத்திருக்கிறாள். என் ஃபோன் அடித்தது. என் கணவர்.

"அவன் வெளிய நிக்கிறானாமே? தொறந்து பேசச் சொல்லு. வேணும்னா எல்லாரையும் நம்ம வீட்டுக்கே வரச் சொல்லிடலாம்."

அவள் என்னையே பார்த்தாள். "முடியாதுங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். என் கல்யாண வாழ்க்கையில் அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நான் ஃபோனை வைத்தது அன்றுதான். பக்கத்து அறைப் பிலிப்பினோ பெண் வாட்ச்மேனைக் கூட்டி வந்த பிறகே அவன் போனான்.

"அக்கா, அந்தச் சாவி" என்றாள். கொடுத்தேன். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மூன்றாம் நாள் போனபோது அறை காலி. கிரைண்டர் மட்டும் நடையில் இருந்தது. ஒரு மாதம் கழித்து ஒரு படம் வந்தது. உள்ளங்கையில் இரண்டு சாவி. "விசா மாறிடுச்சுக்கா. எங்க இருக்கேன்னு கேக்காதீங்க." நான் கேட்கவில்லை.

அந்த வாரமே அவன் எங்கள் வீட்டு சோஃபாவில் வந்து உட்கார்ந்தான். டீ போட்டுக் கொடுத்தேன், வேறு வழி?

"எங்கன்னு மட்டும் சொல்லுங்கக்கா. நீங்கதானே எல்லாம் பண்ணிக் குடுத்தீங்க."

"எனக்குத் தெரியாது."

முழு உண்மை. அவனும் நம்பவில்லை, என் கணவரும் நம்பவில்லை. அவனை லிஃப்ட் வரை விட்டுவிட்டு வந்த என் கணவர் கதவைச் சாத்தினார்.

"ரொம்பத்தான் தைரியம் வந்துடுச்சு உனக்கு. நீயும் என் விசாவுலதான் இருக்க, ஞாபகம் இருக்கட்டும்."

விளையாட்டாகத்தான் சொன்னார், சிரிக்கவும் செய்தார். நான் உள்ளே போய்க் கைப்பையைத் திறந்து, எங்கள் வீட்டுச் சாவி இருக்கிறதா என்று பார்த்தேன்.