நான் யாருக்குக் கீழே

படிப்பவர்கள் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் உறைகளின்மேல் இன்னாருக்கு என்று இரண்டு வார்த்தை. ஒற்று எங்கே வரும், எங்கே வராது என்று இன்றும் எனக்கு நிச்சயமில்லை. வரிகளும் போகப் போகக் கீழே சாய்ந்துவிடும். ஆனால் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுவேன் என்று நினைக்கிறேன்.

தவளக்குப்பத்துக்கு முன்னால், கடலூர் ரோட்டில், ஊசி மருந்துப் புட்டிகளுக்கு ரப்பர் மூடி செய்கிற பிரெஞ்சுக் கம்பெனி ஒன்று இருந்தது. 1976இல் அங்கே தினக்கூலியாகச் சேர்ந்தேன். காகிதங்களை ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குக் கொண்டுபோவது வேலை. பத்து வருஷம் ஆகியும் தினக்கூலிதான். அதிகாரி யாராவது எதிரே வந்தால் சுவரோரம் ஒதுங்கிவிடுகிற ஆள் நான். நிரந்தரம் செய்யுங்கள் என்று யாரிடம் போய்க் கேட்பேன்? "ஏய்யா, இன்னிக்காவது வாயத் தொறந்தியா?" என்று என் மனைவி தினமும் கேட்பாள். நான் கால் கழுவப் போய்விடுவேன்.

அப்போதுதான் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அதற்கென்று ஒரு குளிர் அறை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். மெட்ராஸிலிருந்து ஓர் அம்மா வந்தார். என் வயதுதான் இருக்கும். கம்பெனி முழுவதையும் கம்ப்யூட்டருக்குள் ஏற்றுவது அவர் வேலை. பாரிஸில் தலைமை ஆபீஸ், அதற்குக் கீழே பல தேசங்களில் ஆலைகள், பம்பாயில் ஒரு ஆபீஸ், பம்பாய்க்குக் கீழே நாங்கள். எந்த ஊரில் யார் யாருக்குக் கீழே என்று பாரிஸில் உட்கார்ந்தபடியே பார்க்க வேண்டுமாம்.

அதற்காக அவர் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு அட்டை எழுதி மேசைமேல் பரப்பியிருந்தார். அட்டையில் அந்த வேலைக்கு ஒரு எண். பக்கத்தில், அதற்கு மேலே இருப்பவரின் எண். மேல் எண் ஒன்றுதான் இருக்கலாம். இரண்டு போட்டாலும் கம்ப்யூட்டர் ஏற்காது, போடாமல் விட்டாலும் ஏற்காது. பம்பாய்க்கும் பதில் சொல்லி, எங்கள் மேனேஜருக்கும் பதில் சொல்லும் கணக்கு அதிகாரியை வைத்துக்கொண்டு அவர் இரண்டு நாள் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

எங்கள் மேனேஜர் பிரெஞ்சுக்காரர். அவரை எல்லோரும் முசியே என்போம். ஒரு நாள் நான் தபால் வைக்கப் போனபோது அந்த அம்மா என்னை நிறுத்தினார்.

"பதினோரு பேரக் கேட்டேன். பதினோரு பேரும் நேரா முசியேவுக்குக் கீழதான்னு சொல்றாங்க. அந்த மனுஷனுக்கு இருக்கறது ரெண்டு காதுதானே? நீங்க சொல்லுங்க. ஒரு காகிதம் கெளம்பினா முசியே மேசைக்குப் போற வரைக்கும் யார் யார் கை வழியாப் போகுது?"

அந்த ஆபீசில் என்னை யாரும் 'சொல்லுங்க' என்று கேட்டதில்லை. நின்றபடியே ஒப்பித்தேன். அவர் அட்டைகளை அதே வரிசையில் அடுக்கிக்கொண்டே வந்தார். கடைசியில் கையில் ஓர் அட்டை மிஞ்சியது. என்னுடையது.

"நீங்க யாருக்குக் கீழே?"

"எல்லாருக்கும் கீழதாம்மா."

அவர் சிரிக்கவில்லை. "அப்படிப் போட முடியாது. வெள்ளிக்கிழமை இது பாரிசுக்குப் போகுது. இதுல எடம் இருக்கறவங்களத்தான் நிரந்தரம் பண்ணுவாங்க. அதுக்குள்ள யாராவது ஒருத்தர் 'இவர் என் ஆள்'னு சொல்லணும்."

ஸ்டோர்ஸ் அதிகாரியிடம் போனேன். வாயாடி, ஆனால் கெட்டவர் இல்லை. நான் தலையைச் சொறிந்துகொண்டு நின்றதைப் பார்த்து, "இன்னாடா, பொண்ணு கேக்க வந்தவன் மாதிரி நிக்கிற?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். "ப்பூ, இவ்ளோதானா? எங்கீழ போட்டுக்கோ. எங்க குடோன்ல எலி கூட எங்கீழதான். நீ ஒருத்தன் சேந்தா பாரமா?" என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு மனைவியிடம் வாயைத் திறந்துவிட்டேன் என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. காகிதத்தைக் காட்டிய பிறகுதான் நம்பினாள்.

புதன்கிழமை, யாருக்குக் கீழே யார் என்று அட்டைகளை வைத்துப் போட்ட படத்தைப் பெரிய தாளில் அச்சடித்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். ஸ்டோர்ஸ் அதிகாரி என் தோளில் கை போட்டு இழுத்துப் போனார்.

"பாத்தியாடா, லேப்பு நம்ம கீழ வந்துடுச்சு! இனிமே அந்தம்மா 'ரப்பர் சரியில்ல, திருப்பி அனுப்பு'ன்னு சொன்னா நாந்தான் முடிவு பண்ணுவேன்."

ரப்பரைச் சோதித்துப் பார்க்கிற இடம்தான் லேப். அதை நடத்துகிற லேப் அம்மா முசியேவைத் தவிர யாருக்கும் பதில் சொல்கிறவர் இல்லை. தவறு எங்கே என்று உடனே புரிந்தது. லேப் ஆலையின் பின்கோடியில் இருக்கிறது. அங்கே காகிதத்தை வாங்கிக்கொண்டு திரும்பினால் வழியில் ஸ்டோர்ஸ், அப்புறம் முசியேவின் மாடிப்படி. வெயிலில் இரண்டு நடை நடக்க வேண்டாமே என்று ஸ்டோர்ஸ் காகிதத்தையும் போகிற வழியிலேயே வாங்கி, லேப் காகிதத்தைப் பார்த்ததற்கு ஒரு கையெழுத்தும் வாங்கிக்கொள்வேன். நான் ஒப்பித்தது யாருக்கு மேல் யார் என்பதை அல்ல, என் கால் போகிற வழியை.

லேப் அம்மா விடுப்பில் காரைக்கால் போயிருந்தார். அவர் திரும்புவதற்குள் படம் பாரிஸ் போய்விடும். சொன்னால் ஸ்டோர்ஸ் அதிகாரி என்னைக் கைவிட்டுவிடுவார். சொல்லாவிட்டால், லேப் அம்மா வேண்டாம் என்று ஒதுக்கிய ரப்பர் யாருடைய ஊசி மருந்துக்கோ மூடியாகப் போகும். வியாழக்கிழமை முழுவதும் குளிர் அறை வாசலில் மூன்று முறை செருப்பைக் கழற்றி மூன்று முறை மாட்டிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை உள்ளே போய்ச் சொல்லிவிட்டேன்.  கம்ப்யூட்டர் அம்மா எழுந்து, "வாங்க, நடந்து காட்டுங்க" என்றார். லேப், ஸ்டோர்ஸ், மாடிப்படி என்று என்னோடு முழுச்சுற்றும் வந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தப்பு என் கேள்வியில இருக்கு" என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு மேசை மேசையாகப் போய்ப் புதுக் கேள்வி கேட்டார்: "நாளைக்கு லீவு வேணும்னா யார்கிட்டப் போய் நிப்பீங்க?" அதற்கு யாராலும் பெருமையாகப் பதில் சொல்ல முடியவில்லை. அட்டைகள் இடம் மாறின. லேப் அட்டை முசியேவுக்கு நேர் கீழே போனது.

ஸ்டோர்ஸ் அதிகாரி என் காகிதத்தை வாங்கித் தன் கையெழுத்தை அடித்தார். "துரோகி! உனக்குப் போயி எடம் குடுத்தேன் பாரு."

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "நீங்க லீவு வேணும்னா யார்கிட்டச் சொல்வீங்க?"

உண்மையைச் சொன்னேன். டெலிபோன் அறையில் இருக்கும் அக்காவிடம்தான் சொல்வேன். நான் வராத நாளில் அவர்தான் ஒவ்வொரு மேசைக்கும் போன் போட்டு, 'இன்னிக்கு ஆள் இல்ல, உங்க காகிதத்த நீங்களே எடுத்துட்டுப் போங்க' என்று சொல்வார். பத்து வருஷமாக அப்படித்தான்.

அந்த அக்காவைக் கூப்பிட்டார்கள். காதில் மாட்டியிருந்ததைக் கழற்றாமலே எட்டிப் பார்த்தார். "எனக்குக் கீழ ஒரு ஆளா? இருபது வருஷமா எல்லாருக்கும் 'இருங்க, இருங்க'ன்னே சொல்லிட்டிருக்கேன். எழுதிக்குங்கம்மா, எழுதிக்குங்க!"

கம்ப்யூட்டர் அதை ஏற்றுக்கொண்டது. சாயங்காலம் படம் பாரிசுக்குப் போனது. ஸ்டோர்ஸ் அதிகாரி ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. நானும் லேப்பிலிருந்து நேரே மாடிக்குப் போய்விட்டு, ஸ்டோர்ஸுக்குத் தனியாக ஒரு நடை நடந்தேன்.

அடுத்த வருஷம் மழைக்காலத்தில் பாரிசிலிருந்து அச்சடித்த பட்டியல் வந்தது. எல்லாம் பிரெஞ்சு. டெலிபோன் அக்கா விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்து, தன் வரிக்கு அடுத்த வரியில் நிறுத்தினார். "இதான்யா நீ" என்றார். ஓர் எண், பக்கத்தில் அவருடைய எண், அதற்கும் பக்கத்தில் நிரந்தரம் என்பதற்கான பிரெஞ்சு வார்த்தை. அதை எப்படிச் சொல்வது என்று நான்கு முறை சொல்லிக்கொடுத்தார். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன்.

எழுதி முடித்தது: 1989 நவம்பர் 19, ஞாயிற்றுக்கிழமை.