அவர் இல்லாமல் போட்ட படம்

யாராவது பேய்க்கதை ஆரம்பித்தால் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுப் பேச்சை மாற்றுகிற ஆள் நான். பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க் வேலை, ஞாயிற்றுக்கிழமை ஆனால் சர்ச், இவ்வளவுதான் என் உலகம். குறி கேட்பது, கயிறு கட்டுவது, கனவுக்குப் பலன் பார்ப்பது எதுவும் எங்கள் வீட்டில் கிடையாது. நீங்கள் நம்பாவிட்டால் எனக்கு வருத்தமில்லை, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் உதட்டைப் பிதுக்கியிருப்பேன். ஆனாலும் கேளுங்கள்.

என் வீட்டுக்காரர் செல்வினுக்குப் பழைய இங்கிலீஷ் படங்கள் என்றால் பைத்தியம். அதுவும் கறுப்பு வெள்ளை, அதுவும் திகில். ரத்தம் இருக்காது, பேய் இருக்காது, தொப்பி போட்ட ஒருத்தன் ஒரு வீட்டுக்குள் நுழைவதையே அவ்வளவு நேரம் காட்டுவார்கள், நமக்கு இங்கே உயிர் போய்விடும். கதவுக்குப் பின்னால் கொலைகாரன் நிற்பது நமக்குத் தெரியும், உள்ளே வருகிற மகராசனுக்குத் தெரியாது. எனக்குச் சும்மா உட்கார்ந்திருக்க வராது. "போகாதய்யா, பின்னால பாருய்யா!" என்று சத்தம் போட்டுவிடுவேன். அவர் விழுந்து விழுந்து சிரிப்பார்.

"ஏட்டி, நீ கத்துறது அவனுக்குக் கேக்கவா போவுது? கேக்காதுல்லா, அதுலதான் ருசியே இருக்கு" என்பார்.

"ஒருத்தன் சாகப்போறது தெரிஞ்சும் கையக் கட்டிக்கிட்டு இருக்கதுல என்ன ருசியோ" என்று திட்டுவேன். திட்டிவிட்டு அடுத்த படத்துக்கும் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன். பொய் சொல்வானேன், அந்தத் தவிப்பு எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. நம் வீட்டுக்குள் பத்திரமாக உட்கார்ந்துகொண்டு பயப்படுவது ஒரு சுகம்தானே.

எங்களுக்குள் ஒரே ஒரு சட்டம், படத்தை இரண்டு பேரும் சேர்ந்துதான் பார்க்க வேண்டும். அவர் வரத் தாமதமாகிறதே என்று நான் தனியாகப் போட்டால் போதும், மனுஷனுக்கு எங்கேயிருந்தோ மூக்கில் வேர்த்துவிடும், கொஞ்ச நேரத்தில் வாசலில் பைக் சத்தம் கேட்கும். எத்தனையோ தடவை நடந்திருக்கிறது. அப்போதெல்லாம் அதை வேடிக்கையாகத்தான் நினைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மழை பேய்மழை. மதியம் சாப்பிட்டுவிட்டு பென் டிரைவில் இருந்த ஒரு படத்தைப் போட்டோம். வில்லன் நிலவறைக்கு இறங்கும் மரப்படிகளில் ஒன்றை ரம்பத்தால் பாதி அறுத்து வைத்துவிட்டுப் போகிறான், கதாநாயகன் அந்த வீட்டுக்கு வருகிறான், அந்த இடத்தில் போன் வந்தது. அவருடைய அக்காள், எனக்கு மைனி. புன்னக்காயல் போகிற வழியில் ஆற்றோரமாக ஒரு கிராமத்தில் இருக்கிறார், புருஷன் கப்பலில் வேலை, வீட்டில் தனி ஆள். தண்ணீர் வாசலுக்கு வந்துவிட்டது என்று அழுதார்.

"இந்த மழையில போவாதீய, பக்கத்து வீட்டு ஆள்கள்ட்ட போன் போட்டுச் சொல்லுங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன்.

"அக்கா ஒத்தையில கெடக்கா, போவாம இருக்க முடியுமாட்டி? பைய போய்ட்டு வந்துருதேன். மீதிய வந்து பாப்போம், முடிவப் பாத்துராத" என்று மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு பைக்கை எடுத்தார்.

முதலில் ஒரு தடவை பேசினார். அதற்குப் பிறகு அவர் போனும் இல்லை, மைனி போனும் இல்லை. நான் போட்டுக்கொண்டே இருந்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பொம்பளை சாவகாசமாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள், கையில் கிடைத்தால் அறைந்திருப்பேன். செய்தியில் ஆறு ரோட்டின் மேல் ஏறி ஓடுவதைக் காட்டினார்கள். முழங்கால் போட்டு ஜெபம் பண்ணினால் "ஆண்டவரே" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. குடையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டேன். கீழ்வீட்டு ஸ்டீபன் அண்ணாச்சிதான் மறித்தார்.

"எங்கன போறம்மா? ரோடே இல்லங்காவ. நீயும் போய் மாட்டிக்கிட்டா யாரு பாக்க? மேல போ, வந்துருவான்."

மேலே வந்தேன். என்ன செய்ய? ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். அப்போதுதான் அந்தக் கிறுக்குப் புத்தி வந்தது. படத்தைப் போட்டால் வந்துவிடுவார். நான் தனியாகப் பார்த்தால் அவருக்குப் பொறுக்காது, எங்கே இருந்தாலும் வந்துவிடுவார். சிரிக்காதீர்கள், அந்த நேரத்தில் எனக்கு அதைவிட்டால் வேறு வழியே தெரியவில்லை. கரண்ட் போயிருந்தது, இன்வெர்ட்டரில் டிவி ஓடியது. போட்டுவிட்டு நான் படத்தையா பார்த்தேன், காது முழுக்க வாசலில்தான். பைக் சத்தம் வரவே இல்லை.

திரும்பிப் பார்க்கிறேன், படத்தில் அவன் கையில் விளக்கோடு நிலவறைப் படியில் இறங்குகிறான். அடுத்தது அந்த அறுத்த படி. காலைத் தூக்குகிறான். எனக்கு என்ன ஆனதென்று தெரியவில்லை, டிவி முன்னால் போய் நின்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"அதுல கால வைக்காதீய!"

என் குரலா அது என்று எனக்கே பயமாகிவிட்டது. டிவியை நிறுத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அண்ணாச்சி மாடிப்படியேறி ஓடிவந்தார். "யாரும்மா கால வச்சா? என்னாச்சி?" என்று கேட்கிறார், நான் அணைந்த டிவியைக் கையால் காட்டினேன். வெளியே அப்போதுதான் இருட்டத் தொடங்கியிருந்தது. அன்றைக்கு அவர் வரவில்லை.

மறுநாள் மத்தியானம் ஒரு பால் வண்டியில் வந்து இறங்கினார். பைக் இல்லை, செருப்பு இல்லை, உடம்பெல்லாம் சேறு. முதலில் முதுகில் இரண்டு அடி வைத்தேன், அப்புறம் கட்டிப்பிடித்து அழுதேன். மைனியை ஊர்க்காரர்களே பள்ளிக்கூட மாடிக்குக் கூட்டிப்போய்விட்டார்களாம், நல்லபடியாக இருக்கிறார் என்றார். காப்பியைக் கையில் வாங்கிக்கொண்டு என் முகத்தையே பார்த்தார்.

"நேத்து சாயங்காலம் நீ என்னத்தச் சொல்லிக் கத்துன?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பைக் நின்றுபோய், நடந்து ஒரு தரைப்பாலத்தில் ஏறியிருக்கிறார். கணுக்கால் அளவுதான் தண்ணீர், கடந்துவிடலாம் என்று நினைத்திருக்கிறார். அடுத்த காலைத் தூக்கும்போது காதுக்குப் பக்கத்தில் என் குரல், "அதுல கால வைக்காதீய" என்று. தூக்கிய காலை அப்படியே பின்னால் வைத்துவிட்டார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முன்னால் தண்ணீர் சுழித்து உள்ளே இறங்கியதாம், அங்கே பாலமே இல்லை. திரும்பி ஓடிக் கரையில் விழுந்திருக்கிறார். அப்போதும் லேசாக இருட்டத் தொடங்கிய நேரம்தான்.

சரி, புருஷன் பெண்டாட்டி, ஒருவரையே ஒருவர் நினைத்துக்கொண்டிருந்தோம், மழைச் சத்தத்தில் ஏதோ கேட்டிருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். சர்ச்சில் ஸ்தோத்திரக் காணிக்கை போட்டோம். அதோடு முடிந்தது என்றுதான் இருந்தேன்.

புது பைக் வாங்கினார், அதில் என்னை ஏற்றவே இல்லை. நான் பஸ்ஸில் போனால் அவர் பைக்கில் வருவார், அவர் பஸ்ஸில் ஏறினால் என்னை ஆட்டோவில் அனுப்புவார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஒருநாள் சாப்பாட்டுத் தட்டை எடுத்து ஒளித்து வைத்துக்கொண்டு, காரணம் சொன்னால்தான் சோறு என்றேன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். கரையில் விழுந்து கிடந்தபோது இன்னொரு தடவையும் என் குரல் கேட்டதாம். கத்தல் இல்லை, மூச்சு வாங்க, அழுகையை அடக்கிக்கொண்டு பேசுகிற குரல்.

"என்னைய விட்டுட்டு நீங்க எறங்கிருங்க."

நான் ஸ்டீபன் அண்ணாச்சியிடம் போய்க் கேட்டேன். "நீ ஒரே ஒரு தடவதான கத்துன? நான் வந்த பொறவு வாயே தொறக்கலியேம்மா" என்றார். எனக்கும் அப்படித்தான் ஞாபகம். கல்யாணமான நாளிலிருந்து யோசித்துப் பார்த்துவிட்டேன், பஸ்ஸில், ரயிலில், எங்கேயும் அவரிடம் நான் அப்படி ஒரு வார்த்தை சொன்னது கிடையாது.

இப்போதும் இரண்டு பேரும் தனித்தனியாகத்தான் போகிறோம். எங்களுக்குள் சண்டை என்று சர்ச்சில் பேசிக்கொள்கிறார்கள், பேசட்டும். அவரிடம் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டேன், அது என் குரலேதான் என்று சத்தியம் பண்ணுகிறார். முதலில் அவருக்குக் கேட்டது நான் சொன்னதுதான், மறுக்கவில்லை. இரண்டாவதை நான் இன்னும் சொல்லவில்லை.