சிமியோன் வெட்டிய பெல்ற்றுகள்

குருநகர் சிமியோன், ஐந்துசந்தி சுஹைர் நானாவுக்கு இரண்டாயிரத்து எழுநூற்றைம்பது ரூபா கொடுக்க வேண்டியிருந்தது. எண்பத்தொன்பதாம் ஆண்டுக் கடன். றெக்சீன் தைக்கிற பெரிய மெசின் ஒன்றை நாலாயிரத்துக்குப் பேசி, மாதாமாதம் தருவதாக வாங்கி, காசாகவும் சாமானாகவும் ஆயிரத்து இருநூற்றைம்பதைக் கட்டியது போக நின்ற பணம்.

இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சிமியோன் வாயிலிருந்து இது வராது. எழுபத்து மூன்று வயதிலும் அந்த மனிதர் சந்தைக்குப் போனாலும், பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றாலும் சொல்வது ஒன்றுதான்: "மூண்டாம் வகுப்போடை பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மூண்டு பெட்டையளைக் கரை சேத்தன், மாடி வீடு கட்டினன். ஒருத்தனுக்கும் ஒரு சதம் கடன் இல்லை."

மனைவி கத்தரீனா மட்டும் சமையலறைக்குள் இருந்து கேட்பார். "அப்ப ஐஞ்சுசந்தியாலை போகாமல் ஏன் ஊரைச் சுத்திப் போறியள்?"

சிமியோன் உடனே சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டுவிடுவார்.

சிமியோன் கடற்காரர் வீட்டுப் பிள்ளை. ஆனால் வள்ளத்தில் ஏறினால் கரை மறைய முதலே வாந்தி எடுப்பார். குருநகரில் ஒரு பையனுக்கு இதைவிடப் பெரிய மானக்கேடு இல்லை. தகப்பன் நாலு தரம் ஏற்றிப் பார்த்துவிட்டு, ஐந்தாந் தரம் கொண்டுபோய் நகரத்தில் ஒரு கார் குஷன் கடையில் விட்டார். வலை பொத்தப் பழகின கை, றெக்சீனில் ஓடத் தொடங்கியது. பிறகென்ன, குடாநாட்டில் ஓடிய பழைய கார்களில் முக்கால்வாசியின் சீற்றில் சிமியோனின் ஊசி ஏறியிருக்கிறது. டாக்குத்தர்மார், கோட்டில் வழக்குப் பேசுகிற அப்புக்காத்துமார், கல்யாண வீட்டுக் கார்க்காரர் எல்லாரும் அவருடைய தையலுக்கு மேல்தான் இருந்தார்கள். மண்ணெண்ணெயில் கார் ஓடிய காலத்தில், எஞ்சின் இருமினாலும் சீற் இருமாது என்று அவரே சொல்லிக்கொள்வார். பொய்யும் இல்லை.

அந்தக் காலத்தில் பெல்ற் போடுகிறவர் யார்? சீமையிலிருந்து வந்த சில கார்களில் முன் சீற்றுக்கு இரண்டு பெல்ற் தொங்கும். சீலை கசங்குது என்று பெண்கள் முறைப்பார்கள். வேட்டி சிக்குது என்று ஆண்கள் திட்டுவார்கள். சீற் புதுக்கக் கொண்டு வருகிறவர்கள் இறங்கும்போதே சொல்வார்கள்: "உந்த வாரையும் வெட்டி எறியும்."

எறிவதற்குச் சிமியோன் என்ன விசரனா? வலைக் கத்தியைச் சரித்துப் பிடித்து ஒரே இழுவையில் வெட்டுவார். வெட்டின நுனியை நெருப்பில் காட்டி உருக்குவார். படகு எஞ்சினைத் தடியில் கட்டித் தோளில் காவுவதற்கு அதைவிட நல்ல வார் உலகத்தில் இல்லை. கரையில் இருபது ரூபாவுக்கு விற்றார். மெசின் வாங்கின பிறகு சுஹைர் நானாவின் பழைய இரும்புக் கடையிலும் கொடுத்தார். நானா ஒன்றுக்கு இருபத்தைந்து ரூபா என்று கணக்கில் கழித்துக்கொண்டார்.

தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில் ஒரு நாள். சிமியோன் அந்த மாதத்துக் காசு அறுநூறு ரூபாவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பின்னேரம் சைக்கிளில் ஐந்துசந்திக்குப் போனார். சோனகதெரு முழுக்கக் கதவுகள் திறந்து கிடந்தன. ஒரு வீட்டு முற்றத்தில் கழுவின கோப்பைகள் கவிழ்த்தபடி இருந்தன. சனம் இல்லை. காலையில் இயக்கம் வந்து, இரண்டு மணித்தியாலம் கொடுத்து, முஸ்லிம் சனம் எல்லாரையும் ஊரை விட்டு வெளியேறச் சொல்லிவிட்டது என்று தெருமுனையில் ஒருவர் மெல்லிய குரலில் சொன்னார். சிமியோன் பையைத் தொட்டுப் பார்த்தார். காசு இருந்தது. வாங்க ஆள் இல்லை.

இருபத்தொரு வருடங்கள் கழித்துச் சுஹைர் நானா புத்தளத்திலிருந்து திரும்பி வந்து, அதே இடத்தில் தகரம் போட்டுப் பழைய இரும்பு வாங்கத் தொடங்கினார். அன்றைக்கே சிமியோன் போயிருக்கலாம். எவ்வளவைக் கொண்டு போவது? இரண்டாயிரத்து எழுநூற்றைம்பதை நீட்டினால் அது ஒரு நேரக் கறிக் காசு. ஆளை அவமதித்த மாதிரி. கூடக் கொடுப்பதென்றால் எவ்வளவு கூட? வட்டிக் கணக்கு மூன்றாம் வகுப்பில் சொல்லித் தரவில்லை. நாளைக்கு நாளைக்கு என்று ஒரு வருடம் போனது. பிறகு, ஏன் இவ்வளவு நாளும் வரவில்லை என்று கேட்டால் என்ன சொல்வது என்ற பயம் கடனைவிடப் பெரிதாகிவிட்டது. அதனால்தான் அந்தச் சுற்றுப் பாதை.

போன வருடம் தெல்லிப்பழையிலிருந்து தியாகலிங்கம் மாஸ்ரர் தன் மொறிஸ் மைனரை ஓட்டிக்கொண்டு வந்து சிமியோன் வீட்டு வாசலில் நிறுத்தினார். அறுபத்தேழாம் ஆண்டுக் கார், அவருடைய தகப்பன் வாங்கியது.

"சிமியோன், என்ரை பெல்ற் எங்கை?"

"என்ன பெல்ற், மாஸ்ரர்?"

"எண்பத்து நாலிலை நீர் வெட்டின பெல்ற். மகள் லண்டனிலையிருந்து பேரனோடை வாறாள். பெல்ற் இல்லாத காரிலை ஏறமாட்டாளாம்."

"நீங்கள்தானே மாஸ்ரர் வெட்டச் சொன்னது."

"நான் சொன்னால் நீர் வெட்டுறதோ?"

கத்தரீனா தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார்.

புதுக் காரின் பெல்ற்றைப் பூட்டலாம் என்றார் சிமியோன். மாஸ்ரர் ஒத்துக்கொள்ளவில்லை. "வேட்டியை உடுத்துக் கழுத்திலை ரை கட்டின மாதிரி இருக்கும். அப்பரின்ரை காரிலை இருந்த மாதிரியே வேணும். எழுபத்தையாயிரம் தாறன். உம்மாலை ஏலாதெண்டால் சொல்லும், கொழும்பிலை பாக்கிறன்."

ஏலாது என்ற சொல்லைச் சிமியோனுக்கு முன்னால் சொல்லியிருக்கக் கூடாது.

காரின் தரைவிரிப்பைக் கிளப்பிப் பார்த்தபோது நல்ல சகுனம். பெல்ற்றைப் பூட்டின போல்ற்றுகளை அன்றைக்குப் பஞ்சிப்பட்டு, சோம்பலில் கழற்றாமல் விட்டிருந்தார். துரு மூடி இருந்தாலும் அப்படியே நின்றன. பெல்ற்றுக்குக் கரைக்குப் போனார். கனிசியஸ் என்கிற படகுக்காரன் தன் கொட்டிலில் தேடி ஒன்றை எடுத்துப் போட்டான். வார் நைந்து, பக்கிளை உப்புத் தின்று, விரலால் அமர்த்த உதிர்ந்தது.

"கடல்லை கிடந்தது எல்லாம் இப்பிடித்தான், அண்ணை" என்றான் கனிசியஸ். "உப்புப் படாதது வேணுமெண்டால் சுஹைர் நானாவிட்டைத்தான் போகோணும். பழைய கார்ச் சாமான் வேறை ஆரிட்டை இருக்கு?"

சிமியோன் மூன்று நாள் மானிப்பாய், சுன்னாகம், பருத்தித்துறை என்று கராச் கராச்சாக அலைந்தார். மூன்றிலும் ஒரே மறுமொழி: "நானாவைக் கேட்டுப் பாருங்கோ." நாலாம் நாள் காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஐந்துசந்திக்குப் போனார்.

நானாவுக்கு எண்பதை நெருங்கிவிட்டது. கதிரையில் இருந்தபடி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். "ஆர், சிமியோனோ? கிழவனாப் போனாய்!"

"நீங்கள் மட்டும் மாப்பிளையோ, நானா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். கடனைப் பற்றி ஒரு பேச்சும் வரவில்லை. அதுதான் சிமியோனுக்குக் கூடச் சுட்டது. பெல்ற் விசயத்தைச் சொன்னதும் நானா உள்பக்கம் திரும்பி, "றஹ்மத்தும்மா, அந்த ரெண்டு வாரையும் எடுத்து வா" என்றார்.

நானாவின் மனைவி கொண்டுவந்த வார்களைப் பார்த்தவுடன் சிமியோனுக்குத் தெரிந்துவிட்டது. சரிந்த வெட்டு, உருக்கின நுனி. அவருடைய கை. பக்கிள் இரண்டும் முழுசாக இருந்தன.

"போகேக்கை உடுப்பு மூட்டை கட்டக் கயிறு கிடைக்கேல்லை" என்றார் றஹ்மத்தும்மா. "கடைக்குள்ளை தொங்கின இதிலை ரெண்டை எடுத்துக் கட்டினன். வழியிலை மறிச்சு நகை, காசு எல்லாம் பறிச்சாங்கள். இதை ஒருத்தரும் கேக்கேல்லை. புத்தளத்திலை கொட்டிலுக்குள்ளை, கைக்குழந்தையா இருந்த மகன் பர்ஹானுக்கு ஏணை கட்டினதும் இதிலைதான். இப்ப அவனுக்கு ரெண்டு பிள்ளையள்."

சிமியோன் வார்களைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "விலை சொல்லுங்கோ, நானா."

"கொண்டு போ. காசு பிறகு பாப்பம்."

மெசின் வாங்கின அன்றும் நானா இதையேதான் சொன்னார். சிமியோன் சைக்கிளை மிதிக்கவில்லை, உருட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தார். ஒரு கடன் இருந்த இடத்தில் இப்போது இரண்டு.

வேலை பதினாறு நாள் எடுத்தது. பக்கிள்களைக் கழற்றிப் புளித் தண்ணியில் இரண்டு நாள் ஊறப்போட்டார். ஒன்றின் சுருள்வில் ஒடிந்திருந்தது. உடைந்த கார்க் கதவுப் பூட்டிலிருந்து ஒன்றை எடுத்து, அரத்தால் அளவாக்கிப் பொருத்தினார். பழைய வாரை நம்பக் கூடாது என்பதால் அதே சாம்பல் நிறத்தில் கொழும்பிலிருந்து புது வார் எடுப்பித்து, சதுரமும் அதற்குள்ளே பெருக்கல் அடையாளமுமாகத் தைத்தார். தைத்தது நானாவிடம் வாங்கின அதே மெசினில். பழைய இரண்டு வாரையும் கத்தரீனா துவைத்து மடித்து வைத்தார்.

பிறகு தைத்த பெல்ற்றைக் கரைக்குக் கொண்டுபோய், கனிசியஸின் கொட்டில் கூரை வளையில் கட்டி, படகு எஞ்சினை அதில் பூட்டினார்.

"அண்ணை, எஞ்சின் விழுந்தால் எனக்குப் புது எஞ்சின் வாங்கித் தரோணும்."

"விழுந்தால் நானே உன்ரை வள்ளத்தைப் பிடிச்சுத் தள்ளுறன்ரா. தூக்கி விடு!"

இடுப்பளவு உயரத்திலிருந்து மூன்று தரம் விட்டார்கள். வளை முனகியது. பெல்ற் ஒரு நூல் விடவில்லை. மற்றதும் அப்படியே. "சீமைக்காரன் வந்து பாக்கட்டும்" என்று கரை முழுக்கக் கேட்கச் சொன்னார் சிமியோன்.

பூட்டி முடிந்த அன்று மாஸ்ரர் எழுபத்தையாயிரத்தை எண்ணிக் கொடுத்தார். சிமியோன் அதைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "மாஸ்ரர், என்னை ஐஞ்சுசந்தியிலை இறக்கிவிடுங்கோ" என்றார். முன் சீற்றில் ஏறி, தன் வாழ்நாளில் முதல்முறையாகப் பெல்ற்றைப் போட்டார். எத்தனையோ காரில் வெட்டினவருக்கு அது நெஞ்சில் இறுகியபோது ஏதோ மாதிரி இருந்தது.

நானாவின் கடை வாசலில் கார் நின்றதும் பெல்ற்றை மறந்து எழும்பினார். பெல்ற் பிடித்து இழுத்து இருத்தியது. வாசலுக்கு வந்த றஹ்மத்தும்மா சிரித்தார். "நல்லாத்தான் தைச்சிருக்கிறீங்கள், தம்பி."

சிமியோன் கழற்றிக்கொண்டு இறங்கினார். சொல்ல நினைத்து வந்ததெல்லாம் மறந்துபோய், "நானா, நான் உங்களுக்குக் கடன்" என்றார்.

"என்ன கடன்? எனக்கு ஞாபகம் இல்லை. கணக்குக் கொப்பி போயிட்டுது, கடனும் போயிட்டுது."

சிமியோனுக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்கடை கொப்பி போனால் போகட்டும். என்ரை மண்டை போகேல்லை. முப்பத்தைஞ்சு வருசமா இதைக் காவிக்கொண்டு திரியிறன். ஞாபகம் இல்லையெண்டு சொல்லாதையுங்கோ!"

"ரெண்டாயிரத்து எழுநூத்தைம்பது" என்றார் றஹ்மத்தும்மா. "இவர் மறக்கேல்லை, தம்பி. சும்மா சொல்லுறார். அந்தக் காசு வந்தால் எனக்குக் காப்பு எண்டு சொன்னவர்."

நானா கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.

"அதுதான் கணக்கு" என்று சிமியோன் பிடித்துக்கொண்டார். பதினாறு நாளும் மெசினில் இருந்து அவர் போட்ட கணக்கு அது. "வட்டி எனக்குத் தெரியாது, ராத்தா. மீன் தெரியும். அண்டைக்கு அறக்குளா கிலோ அம்பத்தைஞ்சு ரூபா. ரெண்டாயிரத்து எழுநூத்தைம்பதுக்கு அம்பது கிலோ. நான் உங்களுக்கு அம்பது கிலோ அறக்குளா கடன். இண்டைக்குக் கிலோ ரெண்டாயிரம். லட்சம் வருது. கையிலை எழுபத்தைஞ்சு, மிச்சம் வீட்டிலை."

"லட்சமோ!" நானா எழுந்துவிட்டார். "உனக்கு விசரே?"

றஹ்மத்தும்மா ஒரு கையால் அவரை இருத்தினார். "அறக்குளா எங்களுக்குப் பிடிக்காது, தம்பி. அந்த அம்பது கிலோவையும் சூடை மீன் விலைக்குப் போடுங்கோ."

"சூடையோ? குருநகரான் சூடைக் கணக்கிலை கடன் தீத்தவன் எண்டு ஊர் சிரிக்கும், ராத்தா. அறக்குளா."

"சூடை."

"முரல்" என்று ஒரு படி இறங்கினார் சிமியோன்.

மாஸ்ரர் காருக்குள் இருந்தபடியே தலையை நீட்டினார். "விளைமீன் போடுங்கோவன், ரெண்டு பேருக்கும் பழுதில்லை."

றஹ்மத்தும்மா யோசித்தார். "விளைமீன் இண்டைக்கு என்ன விலை?"

"ஆயிரத்து இருநூறு" என்றார் சிமியோன். "அம்பது கிலோ, அறுபதாயிரம். ரெண்டு வாருக்கும் பக்கிளுக்கும் வேறை ஐயாயிரம். அதைக் குறைச்சுக் கதைச்சால் நான் கோவிப்பன்."

"குறைக்கேல்லை" என்றார் றஹ்மத்தும்மா. சீலைத் தலைப்பில் கையைத் துடைத்துவிட்டு, உள்ளங்கையை விரித்து நீட்டினார்.

சிமியோன் விரலை நாக்கில் தொட்டு, ஐயாயிரத் தாள்களை ஒவ்வொன்றாக, தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கும்படி உரத்து எண்ணி, பதின்மூன்றாவது தாளையும் அந்தக் கையில் வைத்தார்.